கால் வழியாக ஏறிய கறுவா

"என் உடம்பில் ஊசி ஏறாது!" என்று ஆரியவங்ச சபதம் செய்தது ஆஸ்பத்திரி வாசலில். உள்ளே செய்திருந்தால் டாக்டரம்மாவின் காதில் விழுந்திருக்கும். விழுந்திருந்தால் ஊசி அன்றைக்கே ஏறியிருக்கும். ஆகவே வெளியே வந்து, பஸ் நிலையத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, மனைவி சிரியாலதாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி செய்தார்.

சிரியாலதா குடையை விரித்தாள்.

"சரி, ஏறாது. இப்ப பஸ்ல ஏறுங்க. இதை விட்டா கறந்தெனியாவுக்கு மத்தியானம்தான் பஸ்."

டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே போகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள், சோற்றைக் குறையுங்கள், நடங்கள். அடுத்த கிளினிக்கிலும் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆரியவங்சவுக்கு அந்தச் சிரிப்பிலேயே ஒரு முனை தெரிந்தது.

அவருடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அண்ணன் சோமரத்னவுக்கும் இதே சீனி வருத்தம். அண்ணனுக்கு முதலில் ஊசி வந்தது. பிறகு பெருவிரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போனது. ஆரியவங்ச முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். முன்னால் போகிற பஸ்தான் பின்னால் வருகிற பஸ்ஸின் தாமதத்துக்குக் காரணம் என்பது அவர் கண்ட உண்மை. முன்னால் வந்தது ஊசி, பின்னால் போனது கால். இதற்கு மேல் யாரும் அவருக்கு விளக்கத் தேவையில்லை.

"உங்க அண்ணன் ஊசி போட்டுக் கால் போகல," என்றாள் சிரியாலதா பஸ்ஸில். "வாங்கி அலமாரியில வெச்சுட்டு, மனசு வந்த அன்னிக்குப் போட்டுக்கிட்டாரு. அதனால போச்சு."

"மனசு வந்த அன்னிக்கே இவ்வளவு போச்சுன்னா, தினம் போட்டிருந்தா என்னத்துக்கு ஆகியிருப்பாரு?"

சிரியாலதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன் சீட்டில் இருந்த பிக்கு ஒருவர் மெல்ல இருமினார்.

வீட்டுக்கு வந்தும் பயம் இறங்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் தைக்கிற ஊசியைப் பார்த்தால் வியர்த்தது. கொசு கடித்தால் அதிகமாகவே அடித்தார். அன்று சாயந்தரம் வேலிக்கு அந்தப் பக்கம் பத்மசிறி கறுவாக் கிளைகளைத் தோல் சீவிக்கொண்டிருந்தான். லவங்கப்பட்டை உரிப்பது அவன் தொழில். செல்போனில் மருத்துவம் படிப்பது பொழுதுபோக்கு.

"என்ன அண்ணே, முகம் செத்துக் கெடக்கு?"

"ஊசிங்கிறாங்கடா."

"உங்களுக்கா?" பத்மசிறி கத்தியைக் கீழே வைத்தான். "கறுவாத் தோட்டத்து நடுவுல வீட்டைக் கட்டிக்கிட்டு ஊசிக்குப் பயப்படுற ஒரே மனுசன் நீங்கதான் அண்ணே. சீனியை இறக்கணும்னு வெளிநாட்டுக்காரன் நம்ம கறுவாவைக் கிலோக் கணக்குல வாங்கிட்டுப் போறான். நீங்க அதுல எறும்பு விரட்டிக்கிட்டு இருக்கீங்க."

"கறுவா சீனியை இறக்குமா?"

"கறுவா மட்டுமா? குரோமியம்னு ஒண்ணு இருக்கு."

"மோட்டார் சைக்கிள் சைலன்சர்ல பூசுவாங்களே, அதுவா?"

"அதேதான். உள்ளுக்குச் சாப்பிடணும்."

"நானும் பளபளன்னு ஆயிடுவேனா?"

"சீனி நிக்க முடியாம வழுக்கிட்டுப் போயிடும் அண்ணே. அப்புறம் துத்தநாகம்."

"கூரைத் தகரத்துக்குப் போடுற துத்தநாகமா? ஏன்டா, நான் மனுசனா, ஹார்ட்வேர் கடையா?"

"அட, எல்லாம் சாப்பாட்டுல இருக்கு அண்ணே. தவிடு போகாத சிவப்பரிசி, கடலை, கீரை. மக்னீசியம்னு இன்னொண்ணு. அது கீரையில இருக்கு, பயறுல இருக்கு, முந்திரிப் பருப்புல இருக்கு."

ஆரியவங்சவுக்குக் கீரை கேட்கவில்லை. பயறு கேட்கவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"முந்திரியா? அப்ப தொதல்ல முந்திரி போடுறாங்களே?"

பத்மசிறி யோசித்தான். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கிண்டிக் கறுப்பாக இறக்குகிற தொதல், அங்கங்கே முந்திரி. "அதுல மக்னீசியம் இருக்கத்தான் செய்யும் அண்ணே," என்றான் நேர்மையாக. மீதியை அவன் சொல்வதற்குள் ஆரியவங்ச வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் முதல் வீட்டில் புது ஆட்சி. கொத்தலஹிம்புட்டு மரத்தில் குடைந்த கோப்பை ஒன்று வந்தது. அந்தப் பக்கத்தில் சீனி வருத்தம் உள்ள வீட்டை அந்தக் கோப்பையை வைத்தே அடையாளம் சொல்லலாம். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருக்கும். ஆரியவங்ச அதை மருந்தாகக் குடிக்கவில்லை. அனுமதிச் சீட்டாகக் குடித்தார். ஒரு கோப்பைத் தண்ணீர் இறங்கினால் ஒரு துண்டு கருப்பட்டிக்கு வழி கிடைத்தது. ஒரு குவளைக் கறுவாக் கஷாயத்துக்கு ஒரு துண்டு தொதல். இரண்டையும் குடித்த நாளில் பாற்சோறு.

"கோப்பையில குடிங்க, வேணாங்கல," என்றாள் சிரியாலதா. "கறுவா குடிங்க, வேணாங்கல. சீனிக்கு நல்லதுங்கிற தேபு இலையை நானே நறுக்கித் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டித் தாறேன். பாகற்காயும் இருக்கு. ஆனா மாத்திரையை முழுங்குங்க."

"ரெண்டும் உள்ள போனா ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும்."

"மோதிக்குமான்னு டாக்டரம்மாகிட்ட கேப்போம்."

"அவங்களுக்கு நம்ம மருந்தைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்கு?"

"பரம்பரையா இந்த மண்ணுல இருக்கோம்ல!"

"உங்க பரம்பரையில ஒருத்தருக்கு ஏற்கெனவே ஒரு கால்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் மாத்திரையையும் தண்ணீரையும் கையில் திணித்தாள்.

ஆரியவங்ச மாத்திரையை வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு கொல்லைப்புறம் போய், கன்னத்துக்குள் ஒதுக்கிய மாத்திரையைக் கறுவாச் செடியின் அடியில் துப்பினார். தினம் காலையில் ஒன்று, சாயந்தரம் ஒன்று. அந்தச் செடி மட்டும் அந்த வருஷம் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

கொல்லையில் செருப்புப் போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. இதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கிளினிக் நாள் நெருங்க நெருங்கத் தாகம் கூடியது. ஹிம்புட்டுத் தண்ணீர் வேலை செய்கிறது, அதனால்தான் உடம்பு இன்னும் கேட்கிறது என்றார். அடிக்கடி கொல்லைப்புறம் போக வேண்டி வந்தது. சீனி வெளியே போகிறது என்றார். வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டி வந்தது. உடம்பு இளமைக்குத் திரும்புகிறது என்றார். வாய் இப்படிச் சொன்னாலும் நெஞ்சு சும்மா இருக்கவில்லை. குளிக்கும்போது கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். பத்தும் இருந்தன. இருந்தும் மறுநாள் மறுபடி தொடுவார்.

அப்போதுதான் நாட்காட்டியில் ஒரு வழி தெரிந்தது. கிளினிக்குக்கு முதல் நாள் போயா. பௌர்ணமி. விகாரைக்குப் போய் அட்டசீலம் என்ற எட்டு நியமங்களை எடுத்தால் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. நாக்கு கேட்டாலும் நியமம் விடாது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும்போது சீனி தானாகக் கீழே இருக்கும். டாக்டரம்மா ஊசியை மூடி வைத்துவிட்டுப் புண்ணியவானே என்பார். போதாததற்கு, சீலம் எடுத்தவர்களுக்கு விகாரையில் சாயந்தரம் பானம் கொடுப்பார்கள். கூடவே கருப்பட்டித் துண்டு. அதற்குத் தடையில்லை. எல்லாப் பக்கமும் லாபம்.

"போயாவுக்குச் சீலம் எடுக்கப் போறேன்," என்றார்.

சிரியாலதா தேங்காய் திருவுவதை நிறுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சீலம் எடுத்து அவள் பார்த்ததில்லை.

"சாது, சாது," என்று கைகூப்பினாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே ஆரியவங்சவுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

போயாக் காலை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே தன்னைக் கும்பிடத் தோன்றியது. கூடத்துக்கு வந்தார். சிரியாலதா கையில் வெற்றிலையோடு நின்றாள்.

"கொஞ்சம் உக்காருங்க. நல்ல காரியத்துக்குப் போறீங்க. கும்பிட்டுக்கிறேன்."

புத்தாண்டு அன்று தவிர அவள் அவர் காலில் விழுந்ததில்லை. அன்றைக்கும் வேகமாக விழுந்து வேகமாக எழுந்துவிடுவாள். ஆரியவங்சவின் நெஞ்சு நிமிர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, வெற்றிலையை வாங்கிக்கொண்டு, கையை அவள் தலைக்கு மேல் நீட்டினார்.

"நோயில்லாம இரு. நீண்ட ஆயுளோட இரு. நிர்வாண சுகம் கிட்டட்டும்."

அவள் எழுந்திருக்கவில்லை.

இன்னும் வேண்டும் போல என்று நினைத்தார். "பிறக்கிற பிறவியெல்லாம் நல்ல புருசன் கிடைக்கட்டும்," என்று சேர்த்தார். அவள் இடது பாதத்தைக் கையில் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு பக்தியா என்று அவருக்குக் கண் கலங்கியது. "கோபம் குறையட்டும். பேச்சு குறையட்டும். சமையல்ல கருப்பட்டி..."

"இது என்ன?" என்றாள் சிரியாலதா.

அவள் விரல்களுக்கு நடுவில் ஒரு சிராய் இருந்தது. செம்பழுப்பு. நகத்தளவு. ஒரு முனையில் சீழ்.

"எங்க இருந்துச்சு?"

"உங்க சுண்டுவிரலுக்கு அடியில. இப்பத்தான் பிடுங்கினேன். நீங்க நிர்வாண சுகத்துல இருக்கும்போது."

அவள் சிராயை மூக்கருகே கொண்டுபோனாள்.

"கறுவா. குடிக்கத்தான் செய்றீங்கன்னு நெனச்சேன். கால் வழியாவும் ஏத்திக்கிறீங்களா?"

"எப்ப ஏறிச்சு?"

"என்னைக் கேட்டா? கால் உங்களோடது."

குனிந்து பார்த்தார். சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு குழி. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. சிரியாலதா அதன் பக்கத்தில் விரலால் அழுத்தினாள். அவருக்கு அது தெரியவில்லை. நகத்தால் கீறினாள். தெரியவில்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பார். கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் கால் அவருடைய உடம்பிலேயே இருந்துகொண்டு அவரைக் கேட்காமல் எங்கோ போய்விட்ட மாதிரி இருந்தது. குளிக்கும்போது தினம் விரல்களை எண்ணியவர், ஒரு நாளாவது அடியில் பார்த்தாரா?

"அண்ணனுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?" என்றார்.

"இப்படியேதான். அவருக்குப் புண் கழுவி விட்டது யாரு? நான்தானே?" சிரியாலதா எழுந்து போய் வெந்நீரும் உப்பும் சுத்தமான துணியும் கொண்டுவந்தாள். கழுவிக் கட்டினாள். "விகாரைக்குப் போக வேணாம். வாசல்ல செருப்பைக் கழட்டணும். இந்தக் காலோட ஒரு அடிகூட வெறுங்காலா வைக்கக் கூடாது. வீட்டுலேயே சீலம் எடுங்க. ரேடியோவுல சொல்லிக் குடுப்பாங்க. விடிஞ்சதும் கிளினிக்."

ஆரியவங்ச பாயில் உட்கார்ந்தார். ரேடியோவில் பிக்கு உடம்பின் நிலையாமையைப் பற்றிப் போதித்தார். மயிர், நகம், பல், தோல், சதை, நரம்பு, எலும்பு என்று உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றையும் கேட்கும்போது ஆரியவங்ச அது தன்னிடம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் பத்மசிறி வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணே, வெள்ளையும் சொள்ளையுமா? மக்னீசியம் எப்படி இருக்கு?"

"போடா," என்றார் ஆரியவங்ச. சீலம் எடுத்தவர் சொல்லக் கூடாத சொல். பத்மசிறி தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

சாயந்தரம் பானம் வந்தது. ஹிம்புட்டுத் தண்ணீர். கோப்பையைச் சுற்றிப் பார்த்தார்.

"கருப்பட்டி?"

"அது விகாரையில."

அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அவ்வளவு பயம்.

மறுநாள் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் பட்டினியில் எண் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஆரியவங்ச நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா வேறொரு தாளை எடுத்தார்.

"இது மூணு மாசச் சராசரி. நேத்து நீங்க என்ன செஞ்சீங்கன்னு இது பாக்காது. மூணு மாசமா என்ன செஞ்சீங்கன்னு பாக்கும்."

அப்படி ஒரு சோதனை இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே சீலம் எடுத்திருப்பார்.

"மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"கறுவாச் செடிக்கு," என்றாள் சிரியாலதா.

ஆரியவங்ச அவளைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த கொசு ஒழிப்பு விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். வேறு வழியின்றி எல்லாவற்றையும் சொன்னார்: கோப்பை, கஷாயம், தொதல். தொதலில் உள்ள மக்னீசியத்தைச் சொல்லும்போது குரல் தானாகவே குறைந்தது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "கறுவா, ஹிம்புட்டு, பாகற்காய், தேபு இலை, எதையும் நான் கேவலமாச் சொல்ல மாட்டேன். சிலருக்குக் கொஞ்சம் உதவலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. எல்லாருக்கும் உதவும்னு உறுதியாச் சொல்ல முடியல. குரோமியம், துத்தநாகம் எல்லாம் உடம்புக்குத் தேவைதான். அது சாப்பாட்டுல வரட்டும். கடையில வாங்கி மாத்திரையா முழுங்காதீங்க. எது குடிச்சாலும் எனக்குச் சொல்லிட்டுக் குடிங்க. மருந்தோட சேந்து சீனி ரொம்ப இறங்கினாலும் மயங்கி விழுவீங்க. ஆனா மருந்துக்குப் பதிலா வேணாம். தொதல்ல மக்னீசியம் இருக்கு. அதை எடுக்கப் போற வழியில எவ்வளவு சீனி இருக்குன்னு பாத்தீங்களா?"

பிறகு கட்டைப் பிரித்துக் காலைப் பார்த்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

"நேத்தே பாத்தது நல்லதாப் போச்சு. இன்னும் ஒரு வாரம் இப்படியே விட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும். இந்தப் புண் ஆறணும்னா சீனி உடனே இறங்கணும். இன்னைக்கே இன்சுலின் ஆரம்பிக்கிறோம்."

ஊசி போடுகிற அறைக்கு ஆரியவங்ச நடந்து போனாரா, சிரியாலதா இழுத்துப் போனாளா என்பது அவருக்கே நினைவில்லை. நர்ஸ் சட்டையைத் தூக்கச் சொன்னாள். வயிற்றிலா? அண்ணனுக்கும் வயிற்றில்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, காப்புக்காக ஓதும் பிரித்தில் தெரிந்ததை வாய்விட்டும் தெரியாததை முணுமுணுப்பாகவும் சொன்னார். வாழ்க்கையில் செய்த பாவம் எல்லாம் ஒரு தடவை வந்து போயிற்று.

"சரி தாத்தே, சட்டையை இறக்குங்க," என்றாள் நர்ஸ், அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி.

"போடலையா?"

"போட்டாச்சு."

அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. இருந்தாலும் பயம் போகவில்லை. அது இப்போது கொஞ்சம் கீழே இறங்கிக் காலில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊசி வந்துவிட்டது. இனி வரிசைப்படி பெருவிரல்தான்.

"தினம் காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்," என்றாள் நர்ஸ். பிறகு சிரியாலதா பக்கம் திரும்பிச் சிரித்தாள். "உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லையே அம்மா? உங்களோடதைப் போட்டுட்டு அப்படியே தாத்தேக்கும் போட்டுடுங்க. ஊசியை மட்டும் மாத்திக்கிடாதீங்க."

"உங்களோடதையா?" என்றார் ஆரியவங்ச.

சிரியாலதா கைப்பையை மூடினாள். "எனக்கும் சீனிதான். போன வெசாக் போயாவுல இருந்து ஊசி. மரண உதவிச் சங்கக் கூட்டம்னு புதன்கிழமை புதன்கிழமை போனேனே, இங்கதான் வந்தேன்."

"வீட்டுல எங்க வெச்சிருக்க? நான் பாத்ததே இல்லையே!"

"குளிர்ப்பெட்டியில. பாகற்காய் டப்பாவுக்குள்ள. நீங்க அதை மட்டும் திறக்க மாட்டீங்கன்னு தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என் ஊசியும் கறுவாச் செடிக்குத்தான் போயிருக்கும்."

போன வெசாக்கிலிருந்து. இவ்வளவு நாளாக. அவர் ஊசியைப் பற்றிச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பிரசங்கம் செய்த ஒவ்வொரு காலையிலும், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் தனக்காகப் பயந்த பயமெல்லாம் இப்போது மொத்தமாக அவள் பக்கம் திரும்பியது.

"அப்ப," என்றார், அவள் சேலைக் கரையைப் பார்த்தபடி, "உன் கால்?"

சிரியாலதா செருப்பைக் கழற்றினாள். சேலையை ஒரு சாண் தூக்கி, சிமெண்டுத் தரையில் இரண்டு பாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"எண்ணிக்குங்க."

ஆரியவங்ச விரல்களை எண்ணினார். பத்தும் சரியாகத்தான் இருந்தன.